சார்மெயின் வெட்டிய பாட்டுகள்

மட்டக்களப்பில் பாட்டுக் கேட்கத் தெரிந்தவர்கள் மொத்தம் நான்கு பேர் என்பது சார்மெயினின் முடிவு. அதில் மூன்று பேர் செத்துப் போய்விட்டார்கள். நான்காவது ஆள் யார் என்று அவளிடம் கேட்கும் துணிச்சல் அந்த ஊரில் யாருக்கும் இருந்ததில்லை.

அவளுக்கு ஐம்பத்தேழு வயது. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் குடும்பம். தகப்பன் கலியாண வீடுகளில் வயலின் வாசித்தவர்; ஒன்பது வயதிலேயே அவரருகில் இன்னொரு வயலினோடு உட்கார வைக்கப்பட்டவள் சார்மெயின். பன்னிரண்டு வயதில் ஒரு கலியாணத்தில், ட்ரம்பெட்காரர் சுதி விட்டு ஊதுகிறார் என்று வாசிப்பதை நிறுத்தி வில்லை மடியில் வைத்துவிட்டாள். ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தகப்பனுக்கு விளங்கியது, அன்றிரவு வீட்டில் அடி விழுந்தது. அடித்துவிட்டு, "நீ சொன்னது சரிதான்" என்றும் அவர் சொன்னார். அந்த ஒரு வசனம்தான் அவளைக் கெடுத்தது என்பது தங்கை ஹேசலின் அபிப்பிராயம்.

பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். முதலாமவர் தேநீர் குடித்துக்கொண்டே பாடிக் காட்டினார், போனார். இரண்டாமவர் பாடவில்லை, வாசலில் சப்பாத்துப் போடும்போது விசிலடித்தார், அவரும் போனார். மூன்றாமவர் பாடவும் இல்லை, விசிலடிக்கவும் இல்லை. அப்படிப்பட்ட மனுசனோடு எப்படி வாழ்வது என்று அவரையும் அனுப்பிவிட்டாள்.

பத்தொன்பது வயதில் மாமன் கொன்ராட் நகரத்தில் நடத்திவந்த ரெக்கோடிங் பாரில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்தக் காலத்தில் ஆட்கள் வெறும் கசெட் ஒன்றையும், வேண்டிய பாட்டுகளின் பெயர்களை எழுதிய துண்டையும் கொண்டுவந்து கொடுப்பார்கள். கடையில் இருக்கும் இசைத்தட்டுகளிலிருந்து அவற்றைப் பதிந்து கொடுப்பதுதான் தொழில். சார்மெயினின் மேசையில் ஒரு நீலப் பென்சில் இருந்தது. துண்டை வாங்குவாள், வாசிப்பாள், பிடிக்காத பாட்டுகளின் மேல் கோடு இழுப்பாள். வெட்டிய இடத்துக்குத் தான் தேர்ந்த பாட்டைப் போட்டுப் பதிவாள். கேட்டால், "நாடாவ வீணாக்க ஏலாது" என்பாள். கொன்ராட் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். ஆனால் கிழக்கு மாகாணத்திலேயே அவளைப்போல் சுத்தமாகப் பதிபவர் இல்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் ஊசியைத் துடைப்பாள், தட்டைத் துடைப்பாள், பதியும்போது கடைக்குள் யாராவது இருமினால் வெளியே போகச் சொல்வாள். சனம் ஏசிக்கொண்டே வந்தது, ஏசிக்கொண்டே வாங்கிக்கொண்டு போனது.

பத்தொன்பது வருடம் அப்படிப் போனது. பிறகு சுனாமியில் கடல் வந்து டச்பார் கரையிலிருந்த வீட்டையும் தகப்பனின் வயலினையும் கொண்டு போனது. அடுத்த வருடம் கொன்ராட் தட்டுகளையும் கட்டிக்கொண்டு அவுஸ்திரேலியாவுக்குப் போனார். சார்மெயின் ஒரு மருந்துக் கடையில் நின்று, இருமல் மருந்து கேட்டு வந்தவர்களை அதட்டி, ஓய்வும் எடுத்துவிட்டாள். இப்போது ஹேசலின் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, தெருவால் போகிற முச்சக்கர வண்டிகளில் போடப்படும் பாட்டுகளுக்குத் தீர்ப்புச் சொல்வதுதான் அவளுடைய வேலை.

போன வருடம் மாமாங்கக் கோயில் தீர்த்தம் முடிந்து ஒரு கிழமைக்குள் கொழும்பிலிருந்து சுலோஜனா வந்தாள். நாற்பது வயதிருக்கும். பயணச் சஞ்சிகை ஒன்றுக்கு எழுதுகிறவள். கிழக்கின் சுயாதீன இசைத்தட்டுக் கடைகளைத் தேடிப்போய் ஒரு வழிகாட்டி தயாரிப்பதாகவும், உலகமெல்லாம் இசைத்தட்டு திரும்பி வந்துவிட்டதாகவும், ஊரில் விசயம் தெரிந்தவர் சார்மெயின் அன்ட்டிதான் என்று எல்லோரும் கைகாட்டியதாகவும் சொன்னாள்.

"சுயாதீனமெண்டா? ஆரிட்ட இருந்து சுயாதீனம், பாட்டிட்ட இருந்தா?" என்று கேட்டாள் சார்மெயின்.

சுலோஜனா அதை நகைச்சுவை என்று நினைத்துக் கைபேசியில் குறித்துக்கொண்டாள். போகமாட்டேன் என்றுதான் சார்மெயின் சொன்னாள். இரண்டு நாளைக்காவது வீட்டில் சத்தம் குறையட்டும் என்று ஹேசல்தான் அவளுடைய கைப்பையை எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

முதற் கடை நகரத்துக்குள்ளேயே, வாவியைப் பார்த்தபடி இருந்தது. லக்ஷன் என்ற முப்பது வயதுக்காரன் நடத்துவது. ஐஸ் கோப்பி விற்பான், சுவரெல்லாம் இசைத்தட்டுகள். ஒவ்வொன்றின் நடு ஓட்டையிலும் ஒரு ஆணி. நாற்பது தட்டு, நாற்பது ஆணி. சுலோஜனா படமெடுத்துக்கொண்டே பின்னால் பின்னால் போனாள். சார்மெயின் ஆணிகளைத்தான் பார்த்தாள். யேசுநாதருக்கே மூன்றுதான் அடித்தார்கள் என்று முணுமுணுத்தாள்.

மூலையில் சூட்கேஸ் மாதிரி ஒரு பிளேயரில் தட்டொன்று சுற்றிக்கொண்டிருந்தது. கீச்சென்ற குரலுக்குப் பேர்போன பாடகி ஒருத்தி, தடிமன் பிடித்த ஆம்பிளையின் குரலில் பாடிக்கொண்டிருந்தாள். வேகம் பிழை. கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சார்மெயின் போய் விசையைத் தட்டிவிட்டாள். பாடகி துள்ளிக்கொண்டு தன் சொந்தக் குரலுக்கு வந்தாள். லக்ஷன் ஓடிவந்தான்.

"அன்ட்டி, அது ஸ்லோவாப் போனாத்தான் கஸ்டமருக்குப் புடிக்கும்" என்று திரும்பவும் பழைய வேகத்தில் விட்டான்.

சார்மெயின் அவனோடு வாதாடவில்லை. கோப்பியை ஒரு வாய் குடித்துப் பார்த்து, இதையும் பிழையான வேகத்தில்தான் ஆற்றியிருக்கிறான் என்று சொல்லி எழும்பினாள்.

இரண்டாவது ஏறாவூரில். சித்தி நபீஸா என்ற பெண்ணின் பழஞ்சாமான் கடை. குக்கர் மூடிகளுக்கும் செட்டை இழந்த மின்விசிறிகளுக்கும் நடுவே கம்பிக் கூடையொன்றில் தட்டுகள் கிடந்தன, பாதி உறையில்லாமல். இந்தச் சேகரிப்பின் பின்னாலுள்ள தேடல் என்ன என்று சுலோஜனா கேட்டாள். சித்தி நபீஸாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. பாட்டுக் கேட்பதற்காகத் தான் இவற்றை வைத்திருக்கவில்லை, தட்டில் மணிக்கூடு செய்கிறவர்கள் வந்து வாங்குகிறார்கள் என்றாள். அன்றைக்கு முழுநாளும் கேட்டதில் அதுதான் முதல் நேர்மையான பேச்சு என்று சார்மெயினுக்குப் பட்டது.

புறப்படும்போது சித்தி நபீஸா ஒரு செய்தி சொன்னாள். உன்னிச்சையிலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒருக்கால் வருவாராம். கூடையைக் கவிழ்த்துக் கொட்டி, எல்லோரும் விரும்பும் பாட்டுகளை ஒதுக்கிவிட்டு, ஒருவரும் சீண்டாத தட்டுகளாகப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போவாராம். சுலோஜனாவின் கண் விரிந்தது. சார்மெயினுக்குச் சிரிப்பு வந்தது. அப்படிப்பட்ட காதையும் ஒருக்கால் பார்த்துவிட வேண்டும் என்று அடுத்த நாளைக்கும் வரச் சம்மதித்தாள்.

காலையில் சுலோஜனாவின் வாடகை வான் வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வாவிக்கு மேற்கே படுவான்கரைக்குள் போனது. சண்டைக் காலத்தில் அந்தப் பாலத்தடியில் சோதனைச் சாவடி இருந்தது. நகரத்துச் சனம் அக்கரைக்குப் போவதில்லை, அக்கரைச் சனம் வந்தால் சீலைப் பையைக் கூட உதறிக் காட்ட வேண்டும். சார்மெயின் அந்தப் பக்கம் போய் எத்தனையோ காலம். வழியெல்லாம் வயல் வட்டை வெறுமையாகக் கிடந்தது. சுலோஜனா எல்லாவற்றையும் அழகு என்றாள். மாடு அழகு, வரம்பு அழகு, மதகு அழகு. இவளுக்கு அழகில்லாத ஒன்றைக் காட்டினால் பரிசு கொடுக்கலாம் என்று சார்மெயின் யன்னலோடு பேசிக்கொண்டு வந்தாள்.

உன்னிச்சைக்காரர் அருமைநாயகத்தின் கடை அவருடைய வீட்டின் முன்பக்கம். உரக்கடை. பெயர்ப்பலகை கிடையாது. யூரியா மூட்டைகளைத் தாண்டி உள்ளே போனால் ஒரு அறை. அதில் மர அடுக்கு. அடுக்கில் அறுநூறு தட்டுக்கு மேல். சார்மெயின் குறை கண்டுபிடிக்கத்தான் உள்ளே போனாள். தட்டுகள் படுக்க வைக்கப்படவில்லை, நிறுத்தி வைக்கப்பட்டிருந்தன. சுவரில் ஈரம் படாதபடி அடுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. வெயில் விழவில்லை. பிளேயரின் ஊசியை விரலால் தடவினாள், தூசி இல்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

பிறகு தட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். கோபம் போய் ஏளனம் வந்தது. ஓடாத படங்களின் பாட்டுகள். ஒரே ஒரு தரம் பாடிவிட்டுக் காணாமற்போன பாடகிகள். தபேலா முன்னுக்கு ஓட, பாட்டு பின்னுக்கு நொண்டும் சாமான்கள். சொல்லி வைத்ததுபோல ஒன்றுகூட உருப்படியில்லை.

அருமைநாயகம் அறுபதை நெருங்கும் மனிதர். மெலிந்த உடம்பு, கெண்டைக்கால் மட்டும் திரண்டிருந்தது. ஏன் இப்படிப்பட்ட பாட்டுகள் என்று சுலோஜனா கேட்க, அவர் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லத் தொடங்கினார்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம். மனைவி கண்ணகைக்கு அதற்கு முதல் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போது படுக்கையை விட்டு எழும்பக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து மாதம். வீட்டில் ஒரு பழைய கசெட் பெட்டி இருந்தது. படுவான்கரைக்குள் பற்றரி கொண்டுவரச் சாவடியில் விடமாட்டார்கள். அதனால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து கரண்ட் எடுத்துப் பாட்டுப் போடுவார். கண்ணகை தனக்குப் பிடித்த பதினாலு பாட்டை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் விடியக் காலமையே புறப்பட்டு, சாவடியில் மூன்று மணித்தியாலம் நின்று, நகரத்துக்குப் போய் ஒரு ரெக்கோடிங் பாரில் கொடுத்தார்.

"அங்க ஒரு பறங்கிப் பொம்புள இருந்தா. துண்ட வாங்கி நீலப் பென்சிலால பதினொரு பாட்ட வெட்டிப்போட்டா" என்றார் அருமைநாயகம்.

சார்மெயின் கையிலிருந்த தட்டை அடுக்கில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தாள்.

அவர் தொடர்ந்தார். வீட்டுக்கு வந்து, சைக்கிளைக் கவிழ்த்து, கை நோகச் சுற்றிப் போட்டால் வேறு பாட்டு வருகிறது. இவை யார் வீட்டுப் பாட்டு என்று கண்ணகை கேட்டாள். ஒரு மாதம் கழித்துத் திரும்பவும் போனார். அந்தப் பெண் திரும்பவும் வெட்டினாள், இந்த முறை இன்னும் அழுத்தி. மூன்றாம் முறை போனபோது மாதா கோயிலுக்குப் போய்விட்டாள் என்று கடை பூட்டியிருந்தது. வரும் வழியில் ஒரு வீட்டில் பழைய தட்டுகளைத் தூக்கி எறியப் போகிறார்கள் என்று கண்டு, அதில் கண்ணகையின் பாட்டு ஒன்று இருந்ததால் வாங்கிக்கொண்டார். அதைப் போட்டுக் கேட்க வீட்டில் ஒன்றும் இல்லை. சும்மா காட்டினார். அவள் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. இப்போது திருகோணமலையில் படிப்பிக்கிறான். அன்று தொடங்கியதுதான். சண்டையில் இடம்பெயர்ந்தபோது ஒருக்கால் எல்லாம் போனது, பிறகு திரும்பவும் சேர்த்தார். பதினாலும் சேர்ந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. அதே மாதிரிப் பாட்டுத் தேடி இன்னும் நாலு பேர் வந்தார்கள், அவர்களுக்கு விற்றார், அப்படியே கடையானது.

அந்த மனிதரின் முகத்தைச் சார்மெயின் உற்றுப் பார்த்தாள். நினைவில்லை. எவ்வளவு தேடியும் நினைவில்லை. நீலக் கோடு மட்டும் நினைவிருந்தது. எந்தத் துண்டில், யாருடைய துண்டில் என்பது இல்லை. பேசாமல் இருந்திருக்கலாம். அவருக்கும் அவளை அடையாளம் தெரியவில்லை; முப்பது வருடமாகிவிட்டது. சுலோஜனாவின் கைபேசி எல்லாவற்றையும் பதிந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்துக் கண்ணகை தேத்தண்ணீர்த் தட்டோடு உள்ளே வந்தாள். உயரமான, நிமிர்ந்த பெண்.

"அந்தப் பறங்கிப் பொம்புள நாந்தான்" என்றாள் சார்மெயின்.

கண்ணகை தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்தாள். ஆத்திரப்படுகிற முகமாக இல்லை. நெடுநாளாகக் கேட்க இருந்த ஒன்றைக் கேட்பவள்போல, "அந்தப் பாட்டுகள்ள என்ன பிழை கண்டீங்க?" என்று கேட்டாள்.

சார்மெயினுக்கு மறைத்துப் பேசத் தெரியாது. பாடகிக்குச் சுதி நிற்கவில்லை, இரண்டாவது அடியிலேயே கீழே இறங்கிவிடுகிறது, தபேலாக்காரன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் வாசிக்கிறான் என்றாள்.

கண்ணகை புருசனைப் பார்த்தாள். அவர் ஒரு தட்டை எடுத்து, துடைத்து, வைத்தார். துண்டில் முதலாவதாக எழுதிய பாட்டு. நாலு பேரும் கேட்டார்கள். முடியும் வரைக்கும் சார்மெயின் அசையவில்லை. இந்த இடத்தில் தன் மனம் இளகிவிட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. மனம் என்ன செய்ததோ, காது இளகவில்லை.

"இண்டைக்கும் சுதி விலகித்தான் கிடக்கு" என்றாள்.

"தெரியும்" என்றாள் கண்ணகை. "எனக்கும் பாட வராது. இந்தப் பொம்புளயும் என்னப் போலதான் பாடுது. நீங்க பதிஞ்சு தந்ததெல்லாம் பெரிய ஆக்கள்ற பாட்டு அக்கா. அதோட சேந்து ஆர் பாடுற? படுத்த படுக்கையில கிடக்கக்க எனக்குக் கூடப் பாட ஒரு ஆள்தான் தேவைப்பட்டுச்சு."

சார்மெயின் தேத்தண்ணீரைக் குடித்தாள். பிறகு அருமைநாயகத்தின் பக்கம் திரும்பி, ஒருக்கால் வெட்டினவளிடம் என்னத்துக்குத் திரும்பி வந்தீர்கள், நகரத்தில் வேறு கடையும் இருந்ததே என்று கேட்டாள்.

"உங்கட பதிவு சுத்தம்" என்றார் அவர்.

அது அவளைக் குத்தியது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

திரும்பி வரும் வழியில் சுலோஜனா மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தாள். எவ்வளவு அழகான கதை என்று மூன்று தரம் சொன்னாள். பாலத்தடி வவுணதீவை நெருங்கும்போது, வானைத் திருப்பலாமா, இன்னும் நல்ல வெளிச்சம் இருக்கிறது என்றாள்.

"அன்ட்டி, நீங்க அவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கிற மாதிரி ஒரு ஷொட் மட்டும் எடுத்துக்கொள்ளுவமா?"

சார்மெயின் வானை நிறுத்தச் சொன்னாள். கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"மிஸ், மன்னிப்புக் கேக்கிறதெண்டா அந்தப் பொம்புளயிட்டக் கேப்பன். உங்கட கெமரா எனக்கு என்ன செஞ்சது, அதுக்கிட்டக் கேக்க?"

வலையிறவுப் பாலத்தை நடந்தே கடந்தாள். வான் கொஞ்சத் தூரம் பின்னால் ஊர்ந்து வந்து, பிறகு போய்விட்டது.

மார்கழியில் வழிகாட்டி வெளிவந்தது. லக்ஷனின் கடைக்கு முழுப்பக்கம், ஆணிகள் பளபளத்தன. சித்தி நபீஸாவின் கடை மறைந்து கிடக்கும் புதையல் ஆகியிருந்தது. உன்னிச்சையைப் பற்றி ஒரு வரி இல்லை. பெயர்ப்பலகை இல்லாத இடங்கள் சேர்க்கப்படவில்லை என்று அடியில் ஒரு குறிப்பு. கடைசியில், தங்களைக் கூட்டிச் சென்ற இனிமையான முதிய அன்ட்டிக்கு நன்றி என்று போட்டிருந்தது. ஹேசல் 'இனிமையான' என்ற சொல்லை உரத்து வாசித்து, கதிரையில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். சார்மெயின் சஞ்சிகையின் மேல் மரக்கறி நறுக்கினாள்.

ஆனாலும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. தை பிறந்த பிறகு உன்னிச்சைக்கு அழைப்பெடுத்தாள். கண்ணகைதான் எடுத்தாள். வழிகாட்டியில் உங்கள் கடை வரவில்லை என்று சார்மெயின் சொல்ல, எந்த வழிகாட்டி என்று கேட்டாள். அவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடு இருந்தது. வெள்ளாமை விளைந்துவிட்டது, வெட்டு மெஷின் அடுத்த நாள் வருகிறது, இரண்டு பேரும் வட்டைக்குள் நிற்க வேண்டும், கடையில் நிற்க ஆளில்லை. அதற்குத் தான் என்ன செய்வது என்று சார்மெயின் போனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனாள்.

பத்து நாள் கடை பார்த்தாள். உரம் வாங்க வந்தவர்களுக்குச் சரியாகவே கொடுத்தாள். தட்டு வாங்க வந்தவர்களில் ஐந்து பேரைத் துரத்தினாள்: இரண்டு பேர் சுவரில் மாட்டக் கேட்டவர்கள், ஒருவர் விரலால் தட்டின் முகத்தைத் தொட்டவர், மற்ற இரண்டு பேரையும் எதற்கென்று அவளுக்கே ஞாபகமில்லை. உறையில்லாத எண்பது தட்டுக்குப் பழைய கடதாசியில் உறை தைத்தாள். பெயர்களை எழுத வேண்டி வந்தபோது அருமைநாயகம் மேசை லாச்சியிலிருந்து ஒரு பென்சிலைக் கொடுத்தார். அவள் அதை வாங்காமல் பேனை கேட்டாள்.

ஏழாம் நாள் மதியம் கண்ணகை வட்டையிலிருந்து காலெல்லாம் சேறாக வந்தாள். காலைக் கழுவிவிட்டுச் சோறும் குளத்து மீன் கறியும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். வைக்கும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினாள். சுதி இரண்டாவது அடியில் இறங்கியது. சார்மெயின் உறை தைத்துக்கொண்டிருந்த ஊசியை நிறுத்தினாள்.

"அந்தப் பதினொண்டையும் நான் பதிஞ்சு தந்திருக்கலாம்" என்றாள்.

கண்ணகை அவளைப் பார்த்தாள். "ஓம். தந்திருக்கலாம்தான்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. பிறகு செம்பில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தாள். "மறுகா தைங்க. கறி ஆறுது, சாப்பிடுங்க."

சார்மெயின் கையைக் கழுவிவிட்டு வந்து, ஒரு பிடி பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். புளி கூடிப் போயிற்று என்றாள். கண்ணகை இன்னொரு துண்டு மீனை எடுத்து அவளுடைய சோற்றுக் கோப்பையில் போட்டாள்.